புதுப்பிப்பு: செந்நட்சத்திர விருதும் சிறு புத்தகமும் ஒரே ஆளுடையவைதான்

சோவியத் ராணுவ விருதான செந்நட்சத்திரம் ஒன்றை, பெற்றவர் பெயரும் விருது எண்ணும் எழுதிய சிறு புத்தகத்தோடு வாங்கியிருந்தேன். புத்தகத்தில் எண் 8-இல் முடிகிறது, விருதில் 3 மாதிரி தெரிகிறது, வெவ்வேறு ஆட்களுடையதை ஜோடி சேர்த்து ஏமாற்றுகிறார்களா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, விளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். இந்த எண்கள் கையால் பொறித்தவை. இடப்பக்கக் கோடு ஆழமில்லாமல் போயிருக்கிறது, சாய்வு வெளிச்சத்தில் அது தெரிந்தது. 8-தான். மெருகேற்றாதே என்று ஒருவர் அதட்டியிருந்தார், நல்லவேளை கேட்டேன்.

அடுத்து, இரண்டாம் உலகப்போர் வீரர்களின் ஆவணங்களைத் தேட உதவும், ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'பாம்யத் நரோதா' இணையதளம். ஆங்கில எழுத்தில் பெயரைப் போட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். புத்தகத்தில் உள்ளபடி சிரிலிக்கில் (ரஷ்ய எழுத்தில்), தந்தை பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்துத் தேடியதும் அவருக்கு விருது தரச் சொல்லி எழுதிய 1944-இன் பரிந்துரைத் தாளே கிடைத்தது. தொலைபேசிப் படையாள். குண்டு மழைக்கு நடுவே அறுந்த கம்பியை ஒரே நாளில் ஏழு முறை ஒட்டுப்போட்டிருக்கிறார்.

எதிர்பாராதது ஒன்று: கூடவே வந்த 'தேசபக்தப் போர்' விருது போர்க்காலத்தது இல்லை. இரண்டாம் உலகப்போர் வெற்றியின் 40-ஆம் ஆண்டுக்காக 1985-இல் உயிரோடிருந்த வீரர்களுக்குப் பெருவாரியாகக் கொடுத்தது. விற்றவர் இதை மூச்சுவிடவில்லை. விலையில் கொஞ்சம் திருப்பித் தந்தார்.

ரஷ்யாவுக்குள்ளிருந்து வாங்க நினைப்பவர்கள் கவனம்: அங்கே சோவியத் அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் குற்றம், ரஷ்யக் குற்றவியல் சட்டப்பிரிவு 324.