மெட் என்பதற்குத் தமிழில் என்ன? ‘ஓய்வுமடங்கு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுவேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் எவ்வளவு கலோரி செலவாகிறது என்று கணக்கிடும் கைப்பேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எடை, நேரம், வேலை எல்லாம் மளமளவென்று முடிந்தன. ‘மெட்’ (MET, ஒரு வேலைக்கு உடல் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்பதைக் காட்டும் அலகு) வந்ததும் நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உடல் ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவழிப்பதாக வைத்து, அதை 1 மெட் என்கிறார்கள். ஆய்வாளர் பார்பரா ஐன்ஸ்வொர்த் குழுவினர் 1993-ல் வெளியிட்டு, பிறகு சில முறை புதுப்பித்த பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. 2011 பதிப்பில் பாத்திரம் கழுவ 1.8, தரை பெருக்க 3.3, கையால் துணி துவைக்க 4. உட்கார்ந்தபடி குழந்தையைக் குளிப்பாட்டி உடுத்திவிட 2, குழந்தையைத் தூக்கிச் சுமக்க 3. ஆக, 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் குழந்தையை இடுப்பில் சுமந்தால் 3 × 60 × 0.5 = 90 கிலோகலோரி. (என் மகள் அரை மணியில் இறங்குகிறவள் இல்லை, அது வேறு.)

பழைய கோப்பில் ‘வளர்சிதைமாற்றச் சமானம்’ என்று இருக்கிறது (வளர்சிதைமாற்றம் என்பது உடல் உணவை ஆற்றலாக்கிப் பயன்படுத்துவது, ஆங்கிலத்தில் மெட்டபாலிசம்). பொத்தானில் அடங்கவில்லை. அடங்கினாலும் என் அம்மாவுக்கு விளங்கவில்லை. வேறு சொல் உண்டா?

---

> வளர்சிதைமாற்றச் சமானம்

தம்பி, சொல்லுக்குச் சொல் வைத்தால் இப்படித்தான் வந்து நிற்கும். பொருளைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது ஆகும் செலவைப்போல் எத்தனை மடங்கு, அவ்வளவுதானே? அப்படியானால் ‘ஓய்வுமடங்கு’. பெருக்குதல், 3.3 ஓய்வுமடங்கு. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் விளக்கம் வேண்டாம்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி. நீங்கள் சொன்ன 90-இல் 30 கிலோகலோரி, குழந்தையை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மடங்கு என்று சொன்னதும் அந்த ஒரு மடங்கைக் கழிக்கத் தோன்றும். ‘சமானம்’ என்றால் தோன்றாது.

அப்புறம், திரையில் எங்கும் வெறும் ‘கலோரி’ என்று போடாதீர்கள். ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக்கிக் கிலோகலோரியைக் குறிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. நமக்குப் பெரிய எழுத்து ஏது? ‘கிலோகலோரி’ என்று முழுதாகவே எழுதுங்கள்.

---

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பாடநூல்களில் வளர்சிதைமாற்றத்துக்குப் பெயர் ‘அனுசேபம்’. வளர்சிதைமாற்றம் என்றால் எங்கள் பிள்ளைகள் விழிப்பார்கள், அனுசேபம் என்றால் உங்கள் பிள்ளைகள். இரண்டும் இல்லாமல் ஒரு சொல் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனாலும் ‘ஓய்வு’ என்பதில் எனக்கு ஒரு தயக்கம்.

எந்த ஓய்வு? உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆற்றல் தேவை அறிக்கையிலும் ஒரு மடங்கு வருகிறது. ஆனால் அது அவரவருடைய அடிப்படை அனுசேப வீதத்தின் மடங்கு. வெறும் வயிற்றில், விழித்தபடி, அசையாமல் படுத்திருக்கையில் அளப்பது. நாளைக்கு அதையும் யாராவது ‘ஓய்வுமடங்கு’ என்று பெயர்ப்பார்கள்.

மெட் அப்படியல்ல. ஆருக்கும் ஒரே அளவுதான்: ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசன். உடல் இவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்தினால், தம்பி சொன்ன மணிக்கு 1 கிலோகலோரி ஏறத்தாழ வந்துவிடும். 2005-ல் வந்த ஓர் ஆய்வில் எழுநூறுக்கு மேற்பட்டவர்களை உண்மையாகவே அளந்து பார்த்தபோது, சராசரி 2.6 தான் வந்தது. அப்படியென்றால் தம்பியின் 90 பலருக்கும் கூடுதலான கணக்கு. இது ஒருவருடைய ஓய்வு இல்லை, எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட ஓய்வு. ஆகவே ‘நியம ஓய்வுமடங்கு’ என்பதே சரி.

மற்றப்படி, மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் நான். ஓய்வைக் கண்டு கனகாலம். என் வேலையை அளக்க அதையே கோலாக எடுத்தது நல்ல பகிடி.

---

யாழ்ப்பாணத்து அம்மா சொல்லும் வேறுபாடு சரியே, நான் யோசிக்கவில்லை. அறிக்கையில் வருவதற்கு ‘அடிப்படைமடங்கு’ என்று வைத்தால் குழப்பம் தீரும். ‘நியம’ என்பது எங்கள் பக்கம் புழக்கத்தில் இல்லை, அதற்கு எங்கள் சொல்லான ‘திட்ட’ என்றால் ஐந்தாண்டுத் திட்டம் நினைவுக்கு வருகிறது. அடைமொழியை விளக்கக் குறிப்பில் மட்டும் வைக்கலாம் என்பது என் கருத்து.

ஓ.ம. என்று மட்டும் யாரும் சுருக்கிவிடாதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கிற ஓமத்தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

---

இருவருக்கும் நன்றி. கலைச்சொல் பட்டியலில் மெட்டுக்கு ‘ஓய்வுமடங்கு’, மற்றதற்கு ‘அடிப்படைமடங்கு’ என்று சேர்த்துவிட்டேன். ‘பொதுவாக வைத்துக்கொண்ட ஓய்வு, உங்கள் கணக்கு இதைவிடக் குறையலாம்’ என்ற வரியை உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

நேற்று இரவு அம்மாவிடம் திரையைக் காட்டினேன். ‘பெருக்குதல்: 3.3 ஓய்வுமடங்கு’. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, “பெருக்கினால் அவ்வளவு ஓய்வு கிடைக்குமா?” என்று கேட்டார்.

அதனால் திரையில் மட்டும் ‘ஓய்வைப்போல் 3.3 மடங்கு செலவு’ என்று மாற்றியிருக்கிறேன். பொத்தானை இரண்டு வரியாக்க வேண்டியதாயிற்று.