கரண்ட் போய் வந்த பிறகு வீட்டுக் கணினியில் பார்த்த கோளாறு எதுவானாலும் எழுதுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து:
லோட் ஷெட்டிங் (முறைவைத்து வெட்டும் மின்வெட்டு) முடிந்ததும் கணினி எழுந்துவிடும், வங்கிப் பக்கம் மட்டும் திறக்காது. ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்றே வரும். வைரஸ் என்று சொல்லி விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டிருந்தார்கள். திரையின் வலது மூலையில் தேதி 2015 ஜனவரியில் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை! மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைப் பலகையில், இருக்கும் காசு வடிவ பேட்டரி, சி.ஆர். 2032, செத்துப்போயிருந்தது. தேதி தப்பினால் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது, அவ்வளவுதான் கதை. புது பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே தெரிய வையுங்கள். அதற்கு முன் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் எழும் அடிப்படை அமைப்பு) பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகலாம். கணினி டிஸ்க்கோடு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ. என்பதிலிருந்து ரெய்டு என்பதற்கு மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். ஒரு யூ.பி.எஸ். (கரண்ட் போனால் சற்று நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மெரிபேங்க்கிலிருந்து:
அண்ணா, பேட்டரி சொன்னது சரி. கடைசி வரி சரியில்லை. 650 வி.ஏ. யூ.பி.எஸ். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. 120 வாட் இழுக்கும் கணினிக்கு இருபது நிமிடம் வரும். வெட்டு இரண்டு மணி நேரமானால் போதாது! ஆகவே அது வேலை பார்க்க அல்ல, ஒழுங்காக மூட. யூ.பி.எஸ்.ஸின் யூ.எஸ்.பி. கேபிளைச் சொருகுங்கள், விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரி போல அறியும். பவர் ஆப்ஷன்ஸில் ‘கிரிட்டிக்கல் பேட்டரி’ அளவை 30 சதவீதமாக்கி, செயலை ஹைபர்னேட் ஆக்குங்கள், திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு கணினி அணையும். ஸ்லீப் வேண்டாம், கரண்ட் போனால் ராமில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதெல்லாம் போய்விடும். பயாஸில் ‘ஏ.சி. போனபின்’ என்ற இடத்தில் ‘ஆஃப்’ வையுங்கள். கரண்ட் திரும்பும் முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் குதிக்கும், அப்போது கணினி தானாக எழக் கூடாது. லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் சொருகவே கூடாது. உருளை சூடேற அது இழுக்கும் வாட்டில் யூ.பி.எஸ். ஓவர்லோடாகி அலறும், கணினியும் சேர்ந்து அணையும். யூ.பி.எஸ். பேட்டரிக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம். அடிக்கடி அடிவரை காலியானால் அதுவும் வராது.

டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து:
இது கரண்ட் கோளாறு இல்லை, ஆனாலும் மனதை விட்டுப் போகவில்லை. கோயில் காவடிக் கணக்கு, எக்செலில் நீளமான பட்டியல், கூட்டுத்தொகை 0. எண்கள் எல்லாம் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நின்றன. எண்ணாக இருந்தால் வலது பக்கம் நிற்கும். எக்செல் அதை எழுத்தாக எடுத்திருக்கிறது. தென்னாப்பிரிக்க அமைப்பில் தசமக் குறி கமா, எல்லோரும் அடிப்பதோ புள்ளி. பேசாமல் விண்டோஸின் ரீஜனை (நாட்டு அமைப்பை) அமெரிக்கா என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
அக்கா, தயவுசெய்து அமெரிக்கா வேண்டாம்! தேதியில் மாதம் முன்னால் போகும், ராண்ட் இருந்த இடத்தில் டாலர் வரும், தாள் ஏ4-க்குப் பதில் லெட்டராகி பிரிண்டர் தாள் கேட்டு நிற்கும். ரீஜன் அப்படியே இருக்கட்டும். கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ் போய், தசமக் குறியைப் புள்ளியாக்குங்கள், பட்டியல் பிரிப்பானை (சூத்திரத்தில் மதிப்புகளைப் பிரிக்கும் குறியை) கமாவாக்குங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். எக்செலை மூடித் திறக்க வேண்டும். பழைய எண்கள் தானாகத் திருந்தாது: நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டாவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், உடனே ஃபினிஷ். எண்கள் வலது பக்கம் தாவினால் சரியாகிவிட்டது.

டோங்காட்டிலிருந்து:
ரூட்டருக்குச் சின்ன யூ.பி.எஸ். வாங்கி, 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட் முனையைச் சொருகினார்கள். பிளாஸ்டிக் கருகும் வாடை, ரூட்டர் போச்சு. முனை பொருந்துவதால் வோல்டேஜ் பொருந்தும் என்று இல்லை. ரூட்டரின் அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். வோல்ட் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும், யூ.பி.எஸ்.ஸின் ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. ஃபைபர் இணைய இணைப்புப் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் ஒரு முனை வேண்டும்.