டிடெக்டர் காலையில் சரி, 10 மணிக்குப் பிறகு சும்மா கத்துகிறது

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். இலங்கையின் வடக்கே முகமாலையில் மிதிவெடி அகற்றும் அணி ஒன்றில், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தமிடும் டிடெக்டர்களைப் பார்ப்பது என் பொறுப்பு. அதில் ஒன்று என்னைப் பாடாய்ப்படுத்துகிறது.

காலையில் புதுப் பற்றரி போட்டு, மண்ணுக்குச் சரிசெய்து, சோதனைத் துண்டைக் குறித்த ஆழத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே பிடிக்கிறது. வெயில் ஏறியதும், வெறும் காற்றில் தூக்கிப் பிடித்தாலும் இடையிடையே ‘கீ’ என்கிறது. நிலத்துக்கு மேல் பிடிக்கும் தேடுவளையமும் கைத்தண்டும் சேரும் இடத்தில் கேபிளை மெல்ல வளைத்தால் சத்தம் கூடுகிறது. வெளி உறையில் ஒரு கீறல்கூட இல்லை. வளையத்தின் அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு பிடி மணல்! துடைத்தும் மாற்றமில்லை. பற்றரி முனைகளில் இருந்த பச்சைப் படிவையும் சுரண்டியாயிற்று.

பி4 போன்ற மிதிவெடிகளில் உலோகம் கொஞ்சம்தான், பழுதான டிடெக்டர் தவறவிட்டுவிடலாம். அதனால் சந்தேகம் வந்த அன்றே சிவப்பு நாடா கட்டி ஒதுக்கிவிட்டேன், வெடி தேடும் பாதைக்குள் (லேன்) விடவில்லை.

கேபிளின் உள் இழை அறுந்திருக்குமா, இல்லை வளையத்துக்குள் ஈரம் போயிருக்குமா? பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா? அப்புறம், கேபிளை நீங்கள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? இதைப் பழுதுபார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.