5 மில்லிவாட் சிவப்பு லேசர் மாட்யூல்: 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டலாமா?

செம்புக்கம்பி கேட்டது:
650 நானோமீட்டர், 5 மில்லிவாட் மாட்யூல். பித்தளைக் குழல், இரண்டு வயர், "3–5 வோல்ட்" என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. நாள் முழுக்க எரிய வேண்டும். இரண்டு ஏஏ செல்லில் மங்கலாகத்தான் எரிகிறது. கையில் 12 வோல்ட் அடாப்டரும், வோல்ட்டைக் குறைத்துத் தரும், திருகி அளவு வைக்கும் எல்எம்2596 பக் போர்டும் உண்டு. அதை 5 வோல்ட்டுக்கு வைத்தால் போதுமா, எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி போட்டு கான்ஸ்டன்ட் கரண்ட் (மாறாத கரண்ட்) சர்க்யூட் கட்ட வேண்டுமா?

ஓம்காரன்:
முதலில் உள்ளே டிரைவர் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) இருக்கிறதா என்று பாருங்கள். மில்லிஆம்பியர் மீட்டரைத் தொடரில் வைத்து 3, 4, 5 வோல்ட் கொடுங்கள். கரண்ட் ஏறக்குறைய மாறாமல் நின்றால் டிரைவர் உண்டு. 5 வோல்ட் ரெகுலேட்டட் சப்ளையோடு வேலை முடிந்தது. வோல்ட்டுக்கு 11 மில்லிஆம்பியர் வீதம் ஏறினால் உள்ளே இருப்பது வெறும் 91 ஓம் ரெசிஸ்டர்தான்.

லேசர் டையோடில் சுமார் 2.2 வோல்ட் விழும். 3 வோல்ட்டில் மிச்சம் 0.8, கிடைப்பது 9 மில்லிஆம்பியர். லேசராக மாறும் வாசலையே அது தொடாது, அந்த நேரத்தில் அது ஒரு எல்இடி. 5 வோல்ட்டில் 31. 6 வோல்ட்டில் 42, அதோடு கதை முடிந்தது.

பொறிப்பெட்டி:
பக் போர்டு வேண்டாம். அளவு வைக்கத் திருகும் ரெசிஸ்டரில் (பொட்டென்ஷியோமீட்டர்) தொடர்பு விட்டால் வெளியீடு நேராக 12-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். எல்எம்317 போடுங்கள்: அதன் 1.25 வோல்ட்டை 47 ஓம்-ஆல் வகுத்தால் 27 மில்லிஆம்பியர்.

ஓம்காரன்:
பக் போர்டு பற்றிச் சொன்னது சரி. எல்எம்317-இலும் ஒரு கண்ணி உண்டு. மாட்யூல் கழன்றிருக்கும்போது வெளியீடு 10 வோல்ட்டைத் தாண்டி ஏறும். அங்கே கெப்பாசிட்டர் இருந்தால் அதுவும் சார்ஜ் ஆகும். மறுபடி வயரைத் தொட்டதும் அவ்வளவும் டையோடுக்குள் இறங்கும். கட்டினால் வெளியீட்டில் கெப்பாசிட்டர் வைக்காதீர்கள், வயரைப் பற்றவைத்துவிடுங்கள்.

செம்புக்கம்பி:
அளந்தேன்: 9, 20, 31. ரெசிஸ்டர்தான்.

ஓம்காரன்:
அப்படியானால் ஐசியே தேவையில்லை. 12 வோல்ட்டோடு தொடரில் 300 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று. (12 − 2.2) ÷ (300 + 91) = 25 மில்லிஆம்பியர். 5 வோல்ட் சப்ளையைவிட இதுவே மேல்: அங்கே ஒரு வோல்ட் தவறினால் 11 மில்லிஆம்பியர் எகிறும், இங்கே 2.6 மட்டும். வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் 330 ஓம் போடுங்கள். நாள் முழுக்க எரியும் டையோடுக்கு 23 நல்லது.

அடாப்டர் ஸ்விட்சிங் வகையாக இருக்கட்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் லோடு இல்லாமல் 16 வோல்ட் காட்டலாம், அப்போது 35 மில்லிஆம்பியர்.

பொறிப்பெட்டி:
ஒத்துக்கொள்கிறேன், இது எளிது. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். மாட்யூல் வயர்களுக்குக் குறுக்கே 1என்4148 டையோடு, கேத்தோடு (கோடு போட்ட முனை) பாசிட்டிவ் பக்கம். லேசர் டையோடு தலைகீழாக 2 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அடுத்து, பித்தளைக் குழல் பலவற்றில் பாசிட்டிவோடு சேர்ந்திருக்கும். மீட்டரில் பார்த்துவிட்டு, நெகட்டிவில் இருக்கும் உலோகச் சட்டத்தில் மாட்டுவதானால் நடுவே பிளாஸ்டிக் வளையம் வையுங்கள்.