பழைய ஃபிளாஷ் கேம்களைத் திறக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கானாடுகாத்தான் வீட்டு மாடி அறையில் எங்கள் பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. லீவுக்கு வரும் அத்தை மக்களோடு வளவில் பாய் விரித்து, முறை வைத்து விளையாடிய ஃபிளாஷ் கேம்கள் நாற்பதுக்கு மேல் அதில் அப்படியே இருக்கின்றன. ஆயா தாயக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் ஸ்கோரை எண்ணுவார்!

2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் இந்த கேம்களை ஓட்டும் ஃபிளாஷ் பிளேயரை நிறுத்திவிட்டதால் பிரவுசரில் எதுவும் ஓடவில்லை. ஃபிளாஷ் பிளேயரைப் போலவே வேலை செய்யும் ரஃபிள் என்ற இலவச எமுலேட்டரில் பாதி திறந்தது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற ஃபிளாஷ் நிரல்மொழியில் எழுதிய மற்றவை வெள்ளைத் திரையோடு நிற்கின்றன. அவற்றில்தான் எங்களுக்குப் பிடித்த பந்தயக் கார் கேம் இருக்கிறது.

பழைய ஃபிளாஷ் கேம்களைச் சேமித்து ஓட்டும் ஃபிளாஷ்பாயிண்ட் என்ற இலவச மென்பொருளில் நம்மிடம் உள்ள ஃபைலையே போட்டு ஓட்ட முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தையில் ஐயாவுக்குச் சதாபிஷேகம், எல்லோரும் வருகிறார்கள். அதற்குள் ஓடவேண்டும். காரைக்குடிப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் நேரிலேயே கொண்டு வருகிறேன்.