ஸ்ரீசிட்டியில் மெயின்டனன்ஸ் டிரெய்னி: பேனலைத் தொட விடவில்லை, ரிப்போர்ட் மட்டும் எழுதுகிறேன்

பொன்னேரி லோக்கல்:
அண்ணன்மார்களே, அக்காமார்களே, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈஈஈ முடித்துவிட்டு ஸ்ரீசிட்டியில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டிரெய்னியாகச் சேர்ந்து சில மாதம் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். சூலூர்பேட்டை லோக்கலில் ஏறி தடாவில் இறங்கி கம்பெனி பஸ் பிடிப்பேன், நைட் ஷிஃப்ட் என்றால் சீக்கிரமே போய் கேன்டீனில் உட்கார்ந்திருப்பேன்.

மெஷின் நின்றால் முதலில் ஓடுவது ஷிஃப்ட் டெக்னீஷியன் அண்ணன். ஐடிஐ படித்தவர், கான்ட்ராக்டில் இருக்கிறார், லைன் போட்ட நாளிலிருந்து அங்கேதான். நான் பக்கத்தில் போய் நின்றால் மெஷினின் எலக்ட்ரிக் பேனல் கதவைப் பாதி சாத்திக்கொள்வார். லேப்டாப் மாட்டி லேடர் (மெஷினை இயக்குகிற புரோகிராம்) பார்க்கிற நேரத்தில் ‘ஸ்டோருக்குப் போய் ஃப்யூஸ் வாங்கிட்டு வா’ என்பார், திரும்பி வருவதற்குள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் எத்தனை நிமிடம் நின்றது, என்ன காரணம், என்ன செய்தோம் என்று எக்செல்லில் நிரப்புவது என் வேலை. காரணம் எனக்கே தெரியாது, அவர் சொல்வதை எழுதுவேன், காலை மீட்டிங்கில் மேனேஜர் கேட்பது மட்டும் என்னை. சரி, டிராயிங் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால் ஜப்பான் மெஷின்கள், பாதி எழுத்து படிக்க முடியாது. ஆபரேட்டர்கள் தெலுங்கு பேசுகிறார்கள், எனக்கு சினிமா பார்த்துப் புரிகிற அளவுக்குத்தான் வரும்.

முந்தாநாள் நைட்டில் ஒரு பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் திரும்பத் திரும்ப டிரிப் ஆனது. தெரியாதவர்களுக்கு: கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சார் அது. புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் வந்து லாரி காத்திருக்கிறது என்று கத்தினார், டெக்னீஷியன் அண்ணன் அந்த சென்சார் இல்லாமலேயே பிரஸ் ஓடுகிற மாதிரி ஒரு ஜம்பர் ஒயரைப் போட்டுவிட்டார், விடியும்வரை ஓடியது. ரிப்போர்ட்டில் ‘லென்ஸ் துடைத்துச் சரிசெய்யப்பட்டது’ என்று போடச் சொல்கிறார்கள். அந்த வரியை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். ஜம்பரை யாரும் எடுத்த மாதிரி தெரியவில்லை.

இதில் இரண்டு வருட பாண்ட் வேறு, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஹெச்ஆரிடம். கூடப் படித்தவன் சிறுசேரியில் சப்போர்ட் வேலையில் இருக்கிறான், இங்கே வந்துவிடு என்கிறான். விட்டுவிடலாமா?

சேஃப்டி ராணிப்பேட்டை:
மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஜம்பர்.

தம்பி, லைட் கர்ட்டனை டையிலிருந்து (பிரஸ் அழுத்துகிற அச்சு) ஏன் அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னார்களா? ஐஎஸ்ஓ 13855 என்கிற பாதுகாப்புத் தரத்தில் கை நகரும் வேகத்தை வினாடிக்கு 2000 மில்லிமீட்டர் என்று எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். பிரஸ் முழுதாக நிற்க 0.2 வினாடி ஆகும் என்றால் அதற்குள் கை 400 மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். அந்தக் கணக்கில்தான் தூரம். இப்போது கர்ட்டனின் மஞ்சள் கம்பம் இரண்டும் நிற்கும், விளக்கும் எரியும், ஆனால் பிரஸ் நிற்காது. கர்ட்டனே இல்லாத பிரஸ்ஸில் ஆபரேட்டர் பயந்து பயந்து கை வைப்பார், இங்கே அந்தப் பயம்கூட இருக்காது. அடுத்த ஷிஃப்ட்டில் வருபவருக்கு ஜம்பர் போட்டது தெரியவே தெரியாது.

இன்றைக்கே மேனேஜரிடம் நேரில் சொல், ஆள் இல்லை என்றால் போனில் சொல். மெயில் அதற்குப் பிறகு. போவதற்கு முன் டெக்னீஷியனிடம் ‘அண்ணா, நான் இதைச் சொல்லப் போகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, முதுகுக்குப் பின்னால் செய்தது போல் ஆகக் கூடாது. ஷீட்டில் யார் பெயரும் வேண்டாம். லைட் கர்ட்டன் தொடர்ந்து டிரிப், காரணம் தெரியவில்லை, தற்காலிக ஜம்பர் போடப்பட்டது, உடனே அகற்ற வேண்டும், இவ்வளவு போதும். ‘லென்ஸ் துடைக்கப்பட்டது’ என்று நீ எழுதி, நாளைக்கு ஒருவர் விரல் போனால், விசாரணையில் முதலில் எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

டிரிப் ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். எண்ணெய்ப் படலம், பிரஸ் அதிர்வில் தளர்ந்த பிராக்கெட், உரசிப்போன கேபிள். துடைத்தும் டிரிப் ஆவது நிற்கவில்லை என்றால் மற்ற இரண்டையும் பார்க்கச் சொல்.

பழைய பேனல்:
மேலே சொன்னவர் சொன்னது சரி, அதை முடித்துவிட்டு இதைப் படி.

டெக்னீஷியன் மேல் கோபப்படாதே. அவர் பக்கமிருந்து பார். லைன் போட்ட நாளிலிருந்து இருக்கிறார், இன்னும் கான்ட்ராக்ட், சம்பளம் உன்னைவிடக் குறைவாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. டிகிரியோடு வருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் பாண்ட் முடிந்ததும் கிளம்பிப் போக, அவர் அங்கேயே நிற்கிறார். அவரிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த பேனலுக்குள் என்ன இருக்கிறது என்பது. அதைச் சும்மா கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்?

நீ மட்டமாக நினைக்கிற அந்த எக்செல் இருக்கிறதே, அதுதான் உன் பிடி. கடந்த மூன்று மாத ஷீட்டை எடுத்து மெஷின் வாரியாகப் பிரி. ஒரு மெஷின் மாதம் 600 மணி ஓடி 12 தடவை நின்றது என்றால் 50 மணிக்கு ஒரு தடவை நிற்கிறது, இதைத்தான் அவர்கள் எம்டிபிஎஃப் என்று மீட்டிங்கில் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டில் பாதி ஒரே சென்சாராக, ஒரே சிலிண்டராக இருக்கும், எந்த ஃபேக்டரியிலும் இப்படித்தான். டெக்னீஷியனுக்கு இது எப்போதோ தெரியும், ஸ்பேர் வேண்டும் என்று வாயால் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார், இங்கிலீஷில் மெயில் எழுதி இண்டென்ட் (வாங்கித் தரச் சொல்லும் கோரிக்கை) போட அவருக்கு ஆள் இல்லை. நீ எண்ணிக்கையோடு எழுதி அந்த ஸ்பேரை வரவழை. மீட்டிங்கில் ‘அண்ணன் சொன்னதுதான் சார்’ என்று சொல். அதற்குப் பிறகு கதவு தானாகத் திறக்கும். திறக்கவில்லை என்றால் ஆளே வேறு மாதிரி, இன்னொரு ஷிஃப்ட்டுக்கு மாற்றிக் கேள்.

டிராயிங்கை மெஷின் நின்ற நேரத்தில் விரிக்காதே, தலைக்கு மேல் நாலு பேர் நிற்கும்போது யாருக்கும் புரியாது. பிஎம் (திட்டமிட்ட பராமரிப்பு) நாளில் ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு இன்புட், சென்சாரிலிருந்து டெர்மினல் வரை ஒயரைக் கையால் தொட்டுக்கொண்டே போ. மிட்சுபிஷி எஃப்எக்ஸ் சீரிஸ் பிஎல்சி (மெஷினைக் கட்டுப்படுத்துகிற சின்ன கம்ப்யூட்டர்) என்றால் இன்புட் எண்களில் எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10. எக்ஸ்8, எக்ஸ்9 கிடையவே கிடையாது, எட்டின் அடிமான எண்கள். இதைத் தெரியாமல் எக்ஸ்8 எங்கே என்று பேனல் முழுக்கத் தேடிய டிரெய்னிகள் உண்டு. ஜப்பானிய எழுத்துக்கு ஆபீஸில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு ஆப் வைத்துப் பார், கொச்சையாக வரும், ஆனால் ‘மேலே’, ‘கீழே’, ‘கிளாம்ப்’ என்பது வரை புரியும்.

மூன்று ஒயர் சென்சாரில் பிரவுன் 24 வோல்ட், நீலம் ஜீரோ, கறுப்பு சிக்னல். பிஎன்பி வகை சென்சார் இருந்த இடத்தில், சிக்னலை எதிர்மாறாகக் கொடுக்கிற என்பிஎன் வகையை மாட்டினால் சென்சார் மேல் எல்இடி ஜோராக எரியும், பிஎல்சி இன்புட் மட்டும் வராது. நல்ல நல்ல ஆட்களையே மணிக்கணக்கில் சுற்றவிடும் கேஸ் இது. ஸ்டோரில் வடிவம் ஒன்றாக இருக்கிறது என்று எடுத்து வராதே, பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை பார்.

ரீசெட் அமுக்குவதற்கு முன்னால் அலாரம் எண்ணை எழுதிக்கொள். எல்லாரும் ஓடிப்போய் ரீசெட்டைத்தான் அமுக்குவார்கள். போன் உள்ளே விடமாட்டார்கள் என்றால் பாக்கெட் நோட்டு வை.

அப்புறம் ஒன்று. பவர் ஆஃப் செய்த உடனே மோட்டார் டிரைவுக்குள் கை வைக்காதே. உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மேலேயே ஒட்டியிருப்பார்கள். காத்திருந்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடு. உன் லோட்டோ பூட்டின் (நீ வேலை செய்யும்போது யாரும் பவர் போடாமல் இருக்க மாட்டுவது) சாவி உன் பாக்கெட்டில் மட்டும் இருக்கட்டும், மேனேஜர் கேட்டாலும் கொடுக்காதே.

மைலாப்பூர் மைக்ரேட்:
இவ்வளவு எதற்கு ப்ரோ, ஏசி ரூமில் டிக்கெட் குளோஸ் பண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். சிறுசேரிக்கு வந்துவிடு.

பழைய பேனல்:
அங்கேயும் நைட் ஷிஃப்ட் உண்டு, ஷீட்டும் உண்டு. போவதானால் போகட்டும், ஆனால் ஒயர் பிடிக்காமலேயே இது எனக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுக்கு வர வேண்டாம்.

சத்தியவேடு:
நான் அங்கேயே வேறு ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். தெலுங்கை நினைத்துப் பயப்படாதீர்கள். எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்தது, 1960 ஏப்ரலில் திருத்தணி உங்கள் பக்கம் வந்தது, நாங்கள் ஆந்திரா பக்கம் போனோம், எங்கள் வீட்டில் இன்றைக்கும் தமிழ்தான். உங்கள் லைனிலும் தமிழ் தெரிந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள், ஆனால் நீங்களாகத் தெலுங்கில் நாலு வார்த்தை தடுமாறிப் பேசினால்தான் அவர்கள் சிரித்துக்கொண்டே தமிழுக்கு வருவார்கள். பேரோடு ‘காரு’ சேர்த்துக் கூப்பிடுங்கள்.

ஆபரேட்டர்களிடம் ‘என்ன ஆச்சு’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘நிற்பதற்கு முன்னாடி ஏதாவது மாறிச்சா’ என்று கேளுங்கள். நாள் முழுக்க அந்த மெஷின் பக்கத்தில் நிற்பவர்களுக்கு சத்தம் மாறினதும் தெரியும், பீஸ் லேசாகத் தள்ளி விழுந்ததும் தெரியும், யாரும் கேட்காததால் சொல்ல மாட்டார்கள். எங்கள் லைனில் ஒரு அக்கா ஏர் லீக்கை மெஷின் ஓடும்போதே காதால் கண்டுபிடித்துவிடுவார்.

பொன்னேரி லோக்கல்:
எல்லாருக்கும் நன்றி. மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து லைனுக்குப் போனார், ஜம்பரை எடுத்துவிட்டார்கள். கேபிள் கனெக்டருக்குள் எண்ணெய் இறங்கியிருந்ததாம், டெக்னீஷியன் அண்ணன்தான் கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை, ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது பரவாயில்லை. பாண்ட், சர்டிபிகேட் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

முன்னாள் ஹெச்ஆர்:
பாண்ட் வெறும் காகிதம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அதே சமயம் எழுதிய தொகை முழுவதையும் கட்டியே ஆக வேண்டும் என்று மிரட்டுபவர்களையும் நம்பாதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. உங்கள் பயிற்சிக்கு உண்மையில் செலவு செய்தார்களா என்பது பேச்சுக்கு வரும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றது. ஆனால் பொதுத்துறை என்பதால் புதிதாக ஆள் எடுக்க விளம்பரம், தேர்வு என்று ஆகும் செலவையும் அதில் கணக்கில் எடுத்தார்கள், உங்கள் நிலைமை அப்படியே அது இல்லை. கையெழுத்துப் போட்ட பிரதி உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சர்டிபிகேட்டைச் சரிபார்த்ததும் திருப்பித் தருவதுதான் முறை. வாங்கும்போது கொடுத்த ரசீதைத் தேடுங்கள், மரியாதையாக ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், எழுத்தில் மறுக்க யாருக்கும் தைரியம் வராது. பிஎஃப் பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். சம்பளச் சீட்டில் தொழில் வரி 200 ரூபாய் பிடித்தால் பதறாதீர்கள், ஆந்திராவில் 20,000-க்கு மேல் சம்பளம் என்றால் மாதாமாதம் அது உண்டு.

பொன்னேரி லோக்கல்:
பிரதி இருக்கிறது. மெயில் இன்றே போடுகிறேன். கடைசியாக ஒன்று, சொந்தமாக மல்டிமீட்டர் வாங்கலாமா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் 300 ரூபாய்க்கே கிடைக்கிறது.

பழைய பேனல்:
அது வீட்டில் பேட்டரி பார்க்க. 415 வோல்ட் பேனலுக்குள் அதைக் கொண்டுபோகாதே. CAT III, 600 வோல்ட் என்கிற பாதுகாப்பு ரேட்டிங் போட்டிருப்பதாக, நல்ல கம்பெனி மீட்டராக, புரோப் ஒயர் தடிமனாக இருப்பதாகப் பார்த்து வாங்கு, ஃப்யூஸ் போனால் அதே ரேட்டிங் ஃப்யூஸ்தான் போட வேண்டும், கம்பி சுற்றக் கூடாது. வாங்குவதற்கு முன் டெக்னீஷியனிடம் எது வாங்கலாம் என்று கேள்.