உப்பேரி வற்றும்போது தடுப்பை உயர்த்துவதா, ஆற்றைத் திறப்பதா? – விவாத இழை

மரக்காணம் பொரிப்பகத்தார்:

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேலை செய்யும் எங்களுக்கு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டை டின் அன்றாடப் பொருள். அந்த உலர்ந்த முட்டையைக் கடல்நீரில் இட்டு, விளக்கு போட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தியவுடன் வெற்று ஓடுகள் மேலே மிதக்க, செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூம்புத் தொட்டியின் அடியில் திரண்டு நிற்கும். வனாமி இறாலின் இளங்குஞ்சுகளுக்கு இதற்கு நிகரான உயிருணவு இல்லை என்பது என் கருத்து. உலகச் சந்தைக்கு வரும் முட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கிரேட் சால்ட் ஏரியிலிருந்து எடுக்கப்படுகிறது.

அந்த ஏரிக்கு வடிகால் கிடையாது. பேர், வீபர், ஜோர்டன் என்ற மூன்று ஆறுகள் கொண்டுவரும் நீர் வெயிலில் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. 1959இல் கல்லைக் கொட்டி முடிக்கப்பட்ட ரயில்பாதைக் கரை ஏரியை இரண்டாகப் பிரித்தது. மூன்று ஆறுகளும் தென்பகுதியில் சேர்வதால் அங்கே ஆர்ட்டீமியா வாழ்கிறது. வடபகுதியோ நம் உப்பளத்தின் கடைசிப் பாத்தியைப் போல உப்பு படியும் நிலையில் இளஞ்சிவப்பாகக் கிடக்கிறது. 2016இல் அந்தக் கரையில் 180 அடி அகலத்துக்கு ஒரு பாலத்திறப்பு அமைக்கப்பட்டது. அதன் அடியில் உள்ள கல்தடுப்பின் உயரம்தான் இன்று இரு பகுதிகளுக்கும் இடையே எவ்வளவு நீரும் உப்பும் போய்வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

2022 நவம்பரில் ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 4,188.5 அடி என்ற வரலாறு காணாத தாழ்வுக்கு இறங்கியது. தென்பகுதியின் உப்பளவு ஏறத்தாழ 19 விழுக்காட்டைத் தொட்டது. அந்தக் கோடையில் தடுப்பை 4 அடி உயர்த்தியிருந்தார்கள். ஆற்றுநீர் தெற்கிலேயே தங்கும்படி, 2023 பிப்ரவரியில் அதைக் கடல்மட்டத்திலிருந்து 4,192 அடி வரை உயர்த்த மாநில ஆளுநர் ஆணையிட்டார். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுதவும்.

பரங்கிப்பேட்டை மாணவி:

நான் கடலுயிரியல் படிப்பவள். ஐயா சொன்ன விவரங்கள் சரி, ஆனால் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஏரியில் உள்ள உப்பின் மொத்த எடையைத் தடுப்பு குறைப்பதில்லை. அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. திறப்பு வழியாக மேலடுக்கில் தெற்கிலிருந்து வடக்கே நீர் செல்லும்போது உப்பையும் எடுத்துச் செல்கிறது. அடியில் கனமான வடபகுதி நீர் தெற்கே திரும்பி வருகிறது. தடுப்பை உயர்த்தினால் முதலில் நிற்பது அந்தத் திரும்பி வரும் அடிநீர்தான். ஆகவே உயர்ந்த தடுப்பு நெடுநாள் நின்றால், ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் தென்பகுதி உப்பை இழக்கும், வடபகுதித் தரையில் அது கட்டியாகப் படிந்துவிடும்.

இது கற்பனை அச்சம் அன்று. 1980களின் பெருமழைக் காலத்தில் மட்டம் ஏறத்தாழ 4,212 அடிக்கு உயர்ந்தபோது தென்பகுதியின் உப்பளவு 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. ஆர்ட்டீமியா குறைந்தது, அதைத் தின்னும் நீர்ப்பூச்சிகள் அந்த உப்பு குறைந்த நீரில் புகுந்தன. 1984இல் ரயில்பாதைக் கரையை 300 அடி அகலத்துக்கு உடைத்துவிட்டார்கள், அதன் பிறகும் நீரைப் பாலைவனத்துக்கு இறைத்துக் கொட்டப் பெரும் பம்புகளை வைத்தார்கள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அந்தச் சிற்றுயிருக்குக் கேடுதான்.

வடபகுதியைக் கைவிடுவதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்குள்ள கன்னிசன் தீவு கூழைக்கடாக்களின் புகழ்பெற்ற இனப்பெருக்க இடமாக இருந்தது. நீர் வற்றித் தீவு கரையோடு ஒட்டிக்கொண்டதால் கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்குகள் நடந்தே வர முடிந்தது; 2023இல் பறவைகள் அங்கே கூட்டை விட்டு அகன்றன. வெளிப்பட்ட ஏரித்தரையின் தூசியில் ஆர்சனிக் இருக்கிறது, அதன் ஓரத்திலேயே பெருநகரம் இருக்கிறது.

தேங்காய்த்திட்டு ஆசிரியர்:

மாணவியின் உப்புக் கணக்கு தெளிவாக இருக்கிறது. இருப்பினும், எல்லாவற்றையும் காக்க நீர் போதாத நிலையில் ஒரு பகுதியையாவது காப்பதே நிர்வாகத்தின் கடமை என்று எண்ணுகிறேன். மத்திய ஆசியாவின் ஏரல் கடலைப் பாருங்கள். பருத்திப் பாசனத்துக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பியதால் வற்றிய அந்தக் கடலின் வடபகுதியைக் காக்க, 2005இல் கசக்ஸ்தான் 13 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோக்ஆரல் அணையைக் கட்டி முடித்தது. சில ஆண்டுகளிலேயே மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது, மீனவர்களும் திரும்பினார்கள். அணை வேண்டாம், ஆற்றையே முழுவதும் விடுவிக்க வேண்டும் என்று காத்திருந்திருந்தால் இரண்டு பகுதிகளுமே போயிருக்கும்.

பரங்கிப்பேட்டை மாணவி:

ஆசிரியர் ஐயா, அதே ஏரலின் தென்பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன் கிழக்குப் படுகை 2014இல் முற்றாக வற்றியது. வடக்கில் மீன் வந்தது உண்மை. தெற்கே உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசி ஊர்களின் மேல் வீசுவதும் உண்மை. மேலும் கோக்ஆரலுக்கு சிர் தாரியாவின் நீர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆறு வராத ஏரியில் தடுப்பு எதைத் தேக்கும்? 2023இல் யூட்டாவில் தென்பகுதி ஏறத்தாழ 5.5 அடி உயர்ந்ததற்கு முதற்காரணம் அந்தக் குளிர்காலத்தில் பெய்த சாதனை அளவிலான பனி. பனி பொய்த்த ஆண்டாக இருந்திருந்தால் அதே தடுப்பைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையாகப் பேச மாட்டோம். ஏரி நலமாக இருக்க 4,198 அடி தேவை என்று யூட்டாவில் உள்ளவர்களே வகுத்திருக்கிறார்கள். மனிதர்கள் எடுத்த நீரால் மட்டும் ஏரி 11 அடி இறங்கியிருக்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எடுத்ததைத் திருப்பித் தராமல் அந்த மட்டத்தை அடைய வழியில்லை.

மரக்காணம் பொரிப்பகத்தார்:

பனி பெய்தது இயற்கையின் கொடை, ஐயமில்லை. ஆனால் அந்தப் பனிநீரின் பெரும்பகுதி வடக்கே ஓடாமல் தெற்கே தங்கியதற்குத் தடுப்பு காரணம். 19 விழுக்காட்டில் இன்னொரு கோடை கடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்ட்டீமியா ஓரளவு தாங்கும். உப்புநீர் ஈக்கள் தாங்குவது கடினம். அவற்றின் புழுக்கள் ஏரியின் அடியில் உள்ள நுண்ணுயிர்ப் பாறைத்திட்டுகளை மேய்ந்து வளர்கின்றன. மட்டம் இறங்கியபோது அந்தத் திட்டுகளில் பல வெயிலில் காய்ந்து வெளுத்தன. ஆண்டுதோறும் வந்து போகும் ஏறத்தாழ ஒரு கோடிப் பறவைகளில் முக்குளிப்பான்கள் ஆர்ட்டீமியாவையும் மற்ற பல பறவைகள் அந்த ஈக்களையும் நம்பியிருக்கின்றன. ஆற்றுநீரை மீட்பதற்குச் சட்டம், பேச்சுவார்த்தை, இழப்பீடு என்று பல ஆண்டுகள் ஆகும். அதுவரை உயிர்ச்சங்கிலி அறுந்துவிடக் கூடாது. தடுப்பை என்றென்றும் உயரமாகவே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தென்பகுதியின் உப்பளவு 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தடுப்பைத் தாழ்த்த வேண்டும், 16ஐத் தாண்டினால் உயர்த்த வேண்டும் என்று ஆண்டுதோறும் அளந்து முடிவெடுப்பதே என் விருப்பம்.

வடவாற்றங்கரை உழவர்:

காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இதுவரை எழுதிய மூவரும் ஏரியைப் பற்றி எழுதினீர்கள். ஆற்றின் மேலே இருப்பவரைப் பற்றி எவரும் எழுதவில்லை. யூட்டா ஏரியின் அந்தப் படுகையில் மனிதர் செலவிடும் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உழவுக்குப் போகிறது. அதில் பெரும்பாலும் மாட்டுத்தீவனமான குதிரைமசால் விளைகிறது. இதைக் கேட்டவுடன் ‘உழவர்தான் நீரை வீணாக்குகிறார்’ என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். 2004 முதல் எங்கள் வீராணம் ஏரித் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. அது இறங்கும் காலத்தில் நகரத்தின் குடிநீரா, ஆயக்கட்டின் பயிரா என்ற கேள்வி எழும்போதெல்லாம் குறைத்துக்கொள்ளச் சொல்லப்படுபவர் எவர் என்று எங்களுக்குத் தெரியும். எனவே யூட்டா உழவரிடமிருந்து நீரைப் பறித்து ஏரிக்கு விடுங்கள் என்று தம்பியோ தங்கையோ சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

அங்குள்ள நீர்ச் சட்டப்படி முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை பறிபோகலாம் என்பதால், சிக்கனமாக இருக்க நினைத்த உழவரும் நீரைப் பாய்ச்சியே ஆக வேண்டியிருந்தது. 2022இல்தான் உரிமையை இழக்காமல் நீரை ஏரிக்குக் குத்தகைக்கு விடச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்காக 4 கோடி டாலரில் ஒரு அறக்கட்டளையும் அமைக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கட்டும், அதுவே முறை.

பரங்கிப்பேட்டை மாணவி:

உழவர் ஐயாவுக்கு வணக்கம். பறிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. இழப்பீடு கொடுப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும், எல்லாவற்றையும் விருப்பக் குத்தகைக்கே விட்டுவிட்டால் ஏரிக்கு என்று உறுதியான பங்கு எதுவும் இருக்காது. கலிபோர்னியாவின் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளை லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1941இல் திருப்பியது. மட்டம் 45 அடி இறங்கியது, உப்பளவு ஏறத்தாழ இருமடங்கானது. பொதுச் சொத்தாகிய ஏரியைக் காப்பது அரசின் கடமை என்று 1983இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994இல் 6,392 அடி என்ற இலக்கு மட்டம் சட்டப்படி விதிக்கப்பட்டது. அதே நகரம் அதற்கு முன் நீரெடுத்த ஓவன்ஸ் ஏரிக்கு அப்படியொரு காப்பு இல்லை; அது 1926க்குள் வற்றியது. அதன் தூசியை அடக்க இதுவரை 200 கோடி டாலருக்கும் மேல் செலவாகியிருக்கிறது. மட்டத்துக்குச் சட்டம் வேண்டும், அதற்குப் பிறகுதான் தடுப்பு.

தேங்காய்த்திட்டு ஆசிரியர்:

மோனோ ஏரி அந்த 6,392 அடியை இன்றும் எட்டவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் எழுதப்பட்டதாலேயே நீர் வந்துவிடவில்லை.

வடவாற்றங்கரை உழவர்:

ஆசிரியர் சொன்ன இடத்தில்தான் என் கேள்வியும் நிற்கிறது. கடைமடையில் இருப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: கீழணையில் திறந்துவிட்ட கனஅடி எல்லாம் எங்கள் மதகுக்கு வந்துசேர்வதில்லை. வழியில் ஒவ்வொரு மதகிலும் ஆள் நின்று பார்த்தால்தான் வரும். யூட்டாவில் ஒரு உழவர் குத்தகைக்கு விட்ட நீரைக் கீழே இருக்கும் அடுத்தவர் தம் வாய்க்காலில் திருப்பிக்கொண்டால், பணமும் போகும், ஏரிக்கு நீரும் வராது. ஆகவே பொரிப்பகத்தார் சொல்லும் 12, 16 என்ற உப்பளவு விதியையும், தங்கை கேட்கும் மட்டத்தையும் ஏற்றுக்கொள்வதற்கு முன், மூன்று ஆறுகளிலும் வயலிலிருந்து ஏரி முகத்துவாரம் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அளவுமானி வைத்து, அந்தக் கணக்கை உழவர் உட்பட அனைவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது என் நிபந்தனை. அதற்கு நீங்கள் இருவரும் உடன்படுகிறீர்களா?

மரக்காணம் பொரிப்பகத்தார்:

உடன்படுகிறேன். ஆனால் அளவுமானிகள் வந்து முடியும் வரை தடுப்பு இப்போதுள்ள உயரத்திலிருந்து தாழ்த்தப்படக் கூடாது.

பரங்கிப்பேட்டை மாணவி:

அளவுமானிக்கு உடன்படுகிறேன் ஐயா. தடுப்பைப் பற்றிய அந்தக் கடைசி வரிக்கு உடன்பட மாட்டேன். தென்பகுதியின் உப்பு ஒவ்வொரு வசந்தத்திலும் வடக்கே போய்க்கொண்டிருக்கும்போது, அளவுமானிக்காகத் தடுப்பைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டும்.